அட்மின் பாஸ்வேர்ட் போட்டாச்சு, அப்பவும் "பர்மிஷன் பத்தாது"ன்னு இன்ஸ்டால் பாதியில நிக்குது

லெட்ஜர்ராணி:

வணக்கம் எல்லாருக்கும். திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சிஸ்டம் விஷயம் அவ்வளவா தெரியாது, கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க. விண்டோஸ் 10க்கு அப்டேட் 2025 அக்டோபரோட நின்னுபோச்சுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் சிஸ்டம் மாத்திட்டாங்க, எனக்கு விண்டோஸ் 11 வந்துச்சு, பழைய சிஸ்டத்தோட ஹார்ட் டிஸ்க்கையும் கழட்டி இதுலயே டி டிரைவா மாட்டிக் கொடுத்துட்டாங்க.

இப்ப பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருக்குல்ல, பென்டிரைவ் மாதிரி, அதோட டிரைவர். டபுள் கிளிக் பண்ணா ஸ்க்ரீன் மங்கி அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது. பாஸ்வேர்ட் சாரோட பையன்கிட்ட தான் இருக்கு, அவர் கோயம்புத்தூர்ல இருக்கார். அங்க இருந்தே என் ஸ்க்ரீனைப் பாத்து வேலை செய்யற எனிடெஸ்க்ல வந்து போட்டுப் பாத்தார், அந்தப் பாஸ்வேர்ட் கட்டம் வந்தவுடனே அவர் பக்கம் ஸ்க்ரீன் அப்படியே நின்னுருச்சாம், ஒண்ணும் தெரியலயாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து போட்டார், "சக்சஸ்ஃபுல்"னு வந்துச்சு, கிளம்பிட்டார். திங்கக்கிழமை நான் லாகின் பண்ணிப் பாத்தா டெஸ்க்டாப்ல ஐகானே இல்ல, ஸ்டார்ட்ல தேடினாலும் இல்ல.

ரெண்டாவது, சைன் பண்ற சாஃப்ட்வேர், எம்எஸ்ஐன்னு முடியற இன்ஸ்டால் ஃபைல். அதுக்கும் அவர் பாஸ்வேர்ட் போட்டார், பச்சைக் கோடு பாதி வரைக்கும் ஓடிட்டு எரர் 1303, இன்ஸ்டாலருக்கு இந்த ஃபோல்டரை ஆக்சஸ் பண்ண போதுமான பிரிவிலேஜ் இல்ல, அட்மினிஸ்ட்ரேட்டரா லாகின் பண்ணுங்கன்னு வருது. அட்மின் பாஸ்வேர்ட் போட்டதுக்கு அப்புறமும் அட்மினா வான்னா எங்கங்க போறது? 20ஆம் தேதிக்குள்ள கிளையண்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாகணும், சார் முகத்தையே பாக்க முடியல. யாராவது உதவி பண்ணுங்க ப்ளீஸ்.

சும்மாஒருத்தன்:

சிஸ்டர் இது சின்ன மேட்டர். கண்ட்ரோல் பேனல்ல யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்னு இருக்கும், ஸ்லைடரை அடி வரைக்கும் இறக்கி விட்ருங்க, இனிமே எதுவும் கேக்காது. அப்படியும் வரலன்னா சி டிரைவ் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எவ்ரிஒன் ஆட் பண்ணி ஃபுல் கண்ட்ரோல் டிக் போட்டு ஓகே குடுங்க. ஆன்ட்டிவைரஸையும் ஆஃப் பண்ணிக்கோங்க. நான் எல்லா சிஸ்டத்துக்கும் இதைத்தான் பண்றேன், ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல 😎

சிஸ்டம்அண்ணாச்சி:

மேல இருக்கறதைப் பண்ணிடாதீங்கம்மா, தயவுசெஞ்சு.

தம்பி, நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, சரி, ஆனா அவங்க யூஸ் பண்றது ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். அட்மின் இல்லாதவங்க லாகின்ல அந்த ஸ்லைடரை அடிக்கு இறக்கினா என்ன ஆகும் தெரியுமா, பாஸ்வேர்ட் கட்டம் கூட வராது, அட்மின் பர்மிஷன் வேணுங்கற எல்லாத்தையும் விண்டோஸ் தானாவே மறுத்துடும். இப்ப பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள் வந்தாலாவது வேலை நடக்குது, அதுவும் போச்சு. அப்புறம் சி டிரைவ் முழுக்க எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல்... ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மெஷின்ல, ஊர்ல உள்ள கம்பெனிக் கணக்கு பூரா இருக்கற இடத்துல, கையெழுத்து போடற டோக்கன் சொருகற மெஷின்ல! அதுக்கு அன்டூ பட்டனும் கிடையாது, எந்த ஃபோல்டருக்கு முன்னாடி என்ன பர்மிஷன் இருந்துச்சுன்னு யாரும் எழுதி வச்சிருக்கப் போறதில்ல.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். உங்களுது ரெண்டும் வேற வேற வியாதி, ஒரே மாதிரி மெசேஜ் வர்றதால ஒண்ணு மாதிரி தெரியுது.

முதல்ல அந்த ஸ்க்ரீன் மங்கற கட்டம். அதுல "எஸ், நோ"ன்னு மட்டும் கேட்டா நீங்க லாகின் பண்ணியிருக்கறது அட்மின் அக்கவுண்ட். பாஸ்வேர்டே கேட்டா ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். உங்களுக்கு ரெண்டாவது, அது தப்பில்ல, ஆபீஸ்ல அப்படித்தான் இருக்கணும். 2007ல விஸ்டா வந்தப்போ ஆரம்பிச்ச ஏற்பாடு இது, அதுல இருந்து அட்மின் அக்கவுண்டே ஆனாலும் சாதாரணமா ஒரு புரோகிராமைத் திறந்தா சாதாரண யூசர் அதிகாரத்தோட தான் ஓடும், கேட்டு ஓகே வாங்கினாத்தான் முழு அதிகாரம் வரும்.

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடற இடம். சாரோட பையன் தன் பாஸ்வேர்டைப் போட்டாருல்ல, அந்த நிமிஷத்துல இருந்து அந்த இன்ஸ்டாலர் உங்க பேர்ல ஓடல, அவர் பேர்ல ஓடுது. நீங்க நினைக்கறது "என் லாகினுக்கு கொஞ்ச நேரம் பவர் குடுத்தாங்க"ன்னு, அப்படி இல்ல. அதனால அது "இந்த யூசருக்கு மட்டும்"னு எதெல்லாம் எழுதுதோ, டெஸ்க்டாப் ஐகான், ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட், ஆப்டேட்டா ஃபோல்டர், விண்டோஸ் செட்டிங்ஸ் எழுதி வைக்கற ரெஜிஸ்ட்ரில கரண்ட் யூசர் பகுதி, எல்லாம் அவரோட அக்கவுண்ட்ல போய் உக்காந்திருக்கும். உங்க லாகின்ல தேடினா எப்படிக் கிடைக்கும்? டிரைவர் மட்டும் மெஷினுக்கே பொதுவா ஏறியிருக்கும், அதுக்கு யூசர் கணக்கு இல்ல.

செக் பண்ண வழி: உங்க லாகின்லயே இருங்க, டோக்கனைச் சொருகுங்க, ஸ்டார்ட்ல "மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸ்"னு தேடித் திறங்க, பர்சனல், அதுக்குள்ள சர்டிபிகேட்ஸ். அங்க உங்க சார் பேரு தெரிஞ்சா டிரைவர் வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஐகான் மட்டும் தான் ஊர் மாறிப் போயிருக்கு. இதை மட்டும் அட்மினா திறந்து பாக்காதீங்க, பாத்தா அவரோட லிஸ்ட்டைக் காட்டும், இல்லைன்னு நினைச்சு மறுபடி குழம்புவீங்க.

அடுத்து 1303. அந்த மெசேஜ்லயே எந்த ஃபோல்டர்னு முழு பாத் போட்டிருக்குமே, அதை எழுதாம விட்டுட்டீங்க. அதைப் பாத்து சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

லெட்ஜர்ராணி:

அண்ணா ரொம்ப நன்றி!! சர்டிபிகேட்ஸ்ல சார் பேரு இருக்கு, வேலிடிட்டி தேதி கூட சரியா காட்டுது 🙏 அப்ப முதல் பிரச்சனை முக்கால்வாசி முடிஞ்சுது. ஐகானுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

1303ல இருக்கற ஃபோல்டர் டி டிரைவ்ல "ஆபீஸ் சாஃப்ட்வேர்"னு ஒண்ணு. சி டிரைவ் நிறைஞ்சா சிஸ்டம் ஸ்லோ ஆகும், டில போடலாம்னு சார் பையன் தான் இன்ஸ்டால் பண்ணும்போது பிரவுஸ் குடுத்து மாத்தினார். அந்த ஃபோல்டர் பழைய சிஸ்டம் காலத்துல இருந்தே இருக்கு.

பைனல்இயர்_பையன்:

குறுக்க வர்றதுக்கு சாரி, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டேன், லேப்டாப் என்னோடது, அட்மின் நான் தான், எஸ் நோ மட்டும் தான் கேக்குது. இன்ஸ்டால் ஆகுது, ஆனா டாக்குமெண்ட்ஸ்ல ஃபோல்டர் கிரியேட் பண்ண முடியலன்னு எரர் அடிச்சு மூடிக்குது. ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தாலும் அதே. அட்மினுக்கே டாக்குமெண்ட்ஸ்ல பர்மிஷன் இல்லன்னா என்ன லாஜிக் ப்ரோ இது.

ஹெல்ப்டெஸ்க்காரி:

தம்பி, உன்னோடது பர்மிஷனே இல்ல. விண்டோஸ் செக்யூரிட்டி ஆப்பைத் திற, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், கீழ ரான்சம்வேர் புரொடெக்ஷன், அதுல கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன்ல இருக்கா பாரு. 2017 கடைசில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து இது இருக்கு, தானா ஆன்ல இருக்காது, யாரோ ஆன் பண்ணி வச்சிருப்பாங்க. அது ஆன்ல இருந்தா டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடத்துல விண்டோஸோட ஆன்ட்டிவைரஸ் டிஃபெண்டருக்கு நம்பிக்கை இல்லாத எந்த புரோகிராமும் எழுத முடியாது, நீ அட்மினா இருந்தாலும் சரி. அதே இடத்துல புரொடெக்ஷன் ஹிஸ்டரி பாத்தா எந்த எக்ஸியை, அதாவது புரோகிராம் ஃபைலை, தடுத்துச்சுன்னு பேரோட இருக்கும். "அலவ் அன் ஆப்"ல அந்த ஒரு எக்ஸியை மட்டும் சேரு. மொத்தமா ஆஃப் பண்ணாத, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதே ஃபோல்டர்ல தான வச்சிருப்ப.

அப்புறம் பொதுவா ஒண்ணு, நான் ஐடி கம்பெனி ஹெல்ப்டெஸ்க்ல இருக்கேன், தினமும் இதே டிக்கெட் தான். எரர் 1625, "சிஸ்டம் பாலிசி தடுத்திருக்கு"ன்னு வந்துச்சுன்னா அது கம்பெனி லேப்டாப்பா பாருங்க. அதை யூடியூப் பாத்து உடைக்கப் போகாதீங்க, வேணும்னே பூட்டினது அது, டிக்கெட் போடுங்க, மேனேஜர் அப்ரூவல் வந்தா நாங்களே போட்டுத் தர்றோம். மறைஞ்சிருக்கற அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டை ஆன் பண்றேன்னு ஒரு கமாண்ட் சுத்திட்டு இருக்கு, முதல்ல அந்தக் கமாண்டே அட்மினா இருந்தாத்தான் ஓடும்! விஸ்டால இருந்து அந்த அக்கவுண்ட்டை டிஃபால்ட்டா ஆஃப்லயே வச்சிருக்காங்க, அதுக்குக் காரணம் இருக்கு.

பைனல்இயர்_பையன்:

அக்கா செம, அதே தான். பழைய ஆன்ட்டிவைரஸ் தூக்கினப்போ என் ரூம்மேட் ஆன் பண்ணி விட்டிருக்கான், ஹிஸ்டரில வரிசையா நிக்குது. அலவ் குடுத்துட்டேன், ஓடுது. தேங்க்ஸ் அக்கா.

சிஸ்டம்அண்ணாச்சி:

லெட்ஜர்ராணி, டி டிரைவ்னு சொன்னதுமே புரிஞ்சிருச்சு. பழைய மெஷினோட டிஸ்க், பழைய மெஷின் காலத்து ஃபோல்டர். சார் பையனோட அட்மின் லாகின்ல அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப் போங்க. மேல இருக்கற பேர் லிஸ்ட்ல என்ன இருக்குன்னு அப்படியே எழுதுங்க. பாக்கறதுக்கு மட்டும் தான், எதையும் மாத்தாதீங்க.

லெட்ஜர்ராணி:

சார் பையன் வந்தப்போ அவர் லாகின்ல பாத்தோம் அண்ணா. மொத்தம் ஒரே ஒரு லைன். ஒரு ஆள் படம் போட்டு கேள்விக்குறி, "அக்கவுண்ட் அன்னோன்", அதுக்குப் பக்கத்துல எஸ்-1-5-21ன்னு ஆரம்பிச்சு நீளமா நம்பர். வேற பேரே இல்ல. இது வைரஸா அண்ணா? பயமா இருக்கு.

சிஸ்டம்அண்ணாச்சி:

வைரஸ் எல்லாம் இல்லம்மா, பயப்படாதீங்க. அது உங்களுக்கு முன்னாடி அந்தப் பழைய சிஸ்டத்துல உக்காந்திருந்தவங்க.

விண்டோஸ் ஃபோல்டர் பர்மிஷன்ல பேரை எழுதி வைக்காது, அந்த நம்பரைத் தான் எழுதி வைக்கும், பேரு நாம படிக்கறதுக்காகக் காட்டறது. எஸ்-1-5-21ன்னு ஆரம்பிக்கறது அந்தந்த மெஷின்ல உருவான யூசரோட நம்பர். அந்த மெஷினே இல்ல இப்போ, டிஸ்க் மட்டும் புது மெஷினுக்கு வந்திருக்கு, புது விண்டோஸுக்கு அந்த நம்பர் யாருன்னு தெரியல, அதான் கேள்விக்குறி. வீட்டை வித்துட்டுப் போனவங்க பழைய பூட்டைத் தொங்க விட்டுட்டு சாவியை மட்டும் எடுத்துட்டுப் போன மாதிரி.

ஆனா சாதாரணமா பழைய டிஸ்க்கை மாட்டினா இந்தப் பிரச்சனை வராது, ஏன்னா ஒவ்வொரு ஃபோல்டர்லயும் "சிஸ்டம்", "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்"னு ரெண்டு பேரும் இருப்பாங்க, அவங்க நம்பர் உலகத்துல எந்த விண்டோஸ்லயும் ஒண்ணு தான், சிஸ்டத்துக்கு எஸ்-1-5-18, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்புக்கு எஸ்-1-5-32-544. மெஷின் மாறினாலும் அது செல்லுபடியாகும். உங்க ஃபோல்டர்ல அந்த ரெண்டு பேரும் இல்ல. யாரோ ஒருத்தர் "வேற எவனும் பாக்கக் கூடாது"ன்னு மேல் ஃபோல்டர்ல இருந்து பர்மிஷன் தானா இறங்கற இன்ஹெரிட்டன்ஸை டிசேபிள் பண்ணி, தன் பேரை மட்டும் வச்சுட்டு மிச்ச எல்லாரையும் தூக்கியிருக்காங்க. கிளையண்ட் ஃபைல் இருந்திருக்கும், காரணம் நியாயம் தான்.

இப்ப எம்எஸ்ஐ கதை. எம்எஸ்ஐ ஃபைலை ஓட்டறது விண்டோஸ் இன்ஸ்டாலர்னு ஒரு சர்வீஸ். அது பாஸ்வேர்ட் போட்டவர் பேர்ல மட்டும் ஓடாது, நிறைய வேலையை "சிஸ்டம்"ங்கற அக்கவுண்ட் பேர்ல செய்யும், சிலதை யூசர் பேர்ல செய்யும். ரெண்டு பேருக்கும் அந்த ஃபோல்டர் திறக்கணும். உங்க டி டிரைவ் ஃபோல்டர்ல ரெண்டு பேருக்குமே இடமில்ல. "அட்மினிஸ்ட்ரேட்டரா லாகின் பண்ணுங்க"ன்னு அந்த மெசேஜ் சொல்றது பொதுப்படையா எழுதி வச்ச வரி, அதை நம்பி நீங்க எத்தனை அட்மினா லாகின் பண்ணாலும் அதே இடத்துல தான் நிக்கும்.

என் யோசனை, அந்த ஃபோல்டரைத் தொடாதீங்க. சாஃப்ட்வேரை சி டிரைவ்ல புரோகிராம் ஃபைல்ஸ்லயே விடுங்க, இன்ஸ்டாலர் தானா காட்டற இடத்தை மாத்தாம நெக்ஸ்ட் குடுங்க. சைன் பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் அவ்வளவு இடம் பிடிக்காது, சி டிரைவ் நிறையறதுக்கு அது காரணமா இருக்காது. புரோகிராம் ஃபைல்ஸ்ல இன்னொரு நல்லது, சாதாரண யூசர் அங்க படிக்கலாம், ஓட்டலாம், ஆனா ஃபைலை மாத்த முடியாது. கையெழுத்து போடற சாஃப்ட்வேரை வேற எதுவும் வந்து மாத்தி வைக்க முடியாத இடத்துல வைக்கறது தான் சரி.

டில தான் வேணும்னு சார் பையன் அடம் பிடிச்சா, அவரை அந்த டிரைவ்லயே புதுசா வேற ஃபோல்டர் போடச் சொல்லுங்க, பழசை விட்டுட்டு. பழைய ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபைல் வேணும்னா மட்டும், அவர் லாகின்ல செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் பக்கத்துல சேஞ்ச், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு மாத்தி, சப் ஃபோல்டருக்கும் சேத்து மாத்தற டிக்கைப் போட்டு, அப்புறம் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ரெண்டுக்கும் ஃபுல் கண்ட்ரோல் சேக்கணும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். டபுள் கிளிக் பண்ணா "கன்டின்யூ"ன்னு ஒரு பட்டன் வரும், அதை அழுத்தினாலும் சில சமயம் திறக்கும் தான், ஆனா அது ஒரு யூசரைத் தான் சேக்கும், சிஸ்டத்தைச் சேக்காது, இன்ஸ்டாலர் அப்பவும் 1303 தான் அடிக்கும்.

சும்மாஒருத்தன்:

அண்ணாச்சி சரி, ஒத்துக்கறேன் 😅 ஒரு டவுட், எம்எஸ்ஐ ஃபைல்ல ரைட் கிளிக் பண்ணா ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டரே வர மாட்டேங்குது, எக்ஸிக்கு மட்டும் தான் வருது. அதுக்கு என்ன பண்றது?

சிஸ்டம்அண்ணாச்சி:

நல்ல கேள்வி தம்பி. எம்எஸ்ஐக்கு டிஃபால்ட்டா அந்த மெனு கிடையாது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறக்கணும், ஸ்டார்ட்ல பேரைத் தட்டிட்டு கண்ட்ரோல் ஷிஃப்ட் என்டர் மூணையும் சேத்து அழுத்தினா போதும். அதுல எம்எஸ்ஐ எக்ஸெக்னு சேத்து அடிச்சு, ஸ்பேஸ், ஸ்லாஷ் ஐ, ஸ்பேஸ், டபுள் கோட்டுக்குள்ள ஃபைலோட முழு பாத். எரர் 2502, 2503ன்னு மாத்தி மாத்தி வர்றவங்களுக்கு பெரும்பாலும் இதுலயே சரியாயிடும், அது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற டெம்ப்ல பர்மிஷன் கெட்டுப் போனதால வர்றது.

ஃபைல் சர்வர்ல இசட் டிரைவ் மாதிரி மேப் பண்ண இடத்துல இருந்தா முதல்ல சி டிரைவுக்கு காப்பி பண்ணிக்கோங்க. அட்மினா திறந்த ப்ராம்ப்ட்டுக்கு உங்க இசட் டிரைவ் தெரியாது, பாத் இல்லன்னு சொல்லும், ஆளுங்க ஃபைல் கரப்ட்னு நினைச்சு திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ணிட்டு இருப்பாங்க.

1603ன்னு மட்டும் வந்து வேற ஒண்ணுமே சொல்லலைன்னா அதே கமாண்ட் கடைசில ஸ்லாஷ் எல் ஸ்டார் வி போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பேரு குடுங்க, முழு லாக் எழுதும். அதை நோட்பேட்ல திறந்து "ரிட்டர்ன் வேல்யூ 3"ன்னு இங்கிலீஷ்ல தேடுங்க, அதுக்கு மேல இருக்கற பத்துப் பதினஞ்சு வரில தான் உண்மையான காரணம் ஒளிஞ்சிருக்கும். கடைசி வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடறவங்க தான் ஜாஸ்தி, அதை வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஹெல்ப்டெஸ்க்காரி:

சிஸ்டர், ஐகான் விஷயம் நடுவுல விட்டுப்போச்சு. இன்ஸ்டால் பண்ணும்போது "ஒன்லி மீ, எனி ஒன்"னு ஒரு ஸ்க்ரீன் வரும் சிலதுல, அடுத்த தடவை சார் பையன் போடும்போது எல்லாருக்கும்ங்கறதை செலக்ட் பண்ணச் சொல்லுங்க. இப்போதைக்கு புரோகிராம் ஃபைல்ஸ்ல அந்த டோக்கன் கம்பெனி பேர்ல ஃபோல்டர் இருக்கும், உள்ள எக்ஸி மேல ரைட் கிளிக், டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட் அனுப்புங்க, இதுக்கு அட்மின் தேவையில்ல.

எனிடெஸ்க் நின்னுபோனதுக்கும் காரணம் இருக்கு. பாஸ்வேர்ட் கட்டம் வர்ற அந்த மங்கின ஸ்க்ரீனை விண்டோஸ் தனியா ஒரு பாதுகாப்பான டெஸ்க்டாப்ல காட்டுது, சும்மா டவுன்லோட் பண்ணி ஓட்டற எனிடெஸ்க்கால அதுக்குள்ள நுழைய முடியாது. அவர் நேர்ல வரும்போது அதை முறையா இன்ஸ்டால் பண்ணிட்டா அடுத்த தடவை கோயம்புத்தூர்ல இருந்தே பாஸ்வேர்ட் அடிக்கலாம். ஆனா ஆபீஸ் மெஷினுக்கு வெளிய இருந்து நுழையற வழி அது, சார்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க.

லெட்ஜர்ராணி:

எல்லாருக்கும் நன்றி! சார் பையன் இன்னைக்கு இந்தப் பக்கம் வந்தவர், இதைப் படிக்கக் குடுத்தேன், முதல்ல "எல்லாம் எனக்குத் தெரியும்"னார் 😄 அப்புறம் சி டிரைவ்லயே நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்தார், 1303 வரவே இல்ல, ஃபினிஷ் ஆயிடுச்சு. என் லாகின்லயும் ஐகான் இருக்கு. ரெண்டு கிளையண்ட்டுக்கு சைன் பண்ணி ஃபைல் பண்ணியாச்சு.

ஒரே ஒரு கேள்வி மட்டும். இதுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி பாஸ்வேர்டுக்கு இவரைத் தேடணுமா? என் அக்கவுண்ட்டையே அட்மினா மாத்திடவான்னு கேக்குறார்.

சிஸ்டம்அண்ணாச்சி:

வேண்டாம்மா. தினமும் மெயில் திறக்கற, கிளையண்ட் அனுப்பற எக்செல் எல்லாம் திறக்கற அக்கவுண்ட் ஸ்டாண்டர்டாவே இருக்கட்டும். அதே மெஷின்ல ஆபீஸுக்குன்னு தனியா ஒரு அட்மின் அக்கவுண்ட் போட்டு, அந்தப் பாஸ்வேர்ட் உங்க ஆடிட்டர் சார்கிட்ட இருக்கட்டும், பையன் ஊர்ல இல்லாட்டியும் சார் வந்து அடிச்சுட்டுப் போவார். கீபோர்டுக்கு அடியில ஒட்டி வைக்காம இருந்தா சரி.